மாலதி மற்றும் பிறர்

ஈரத் துணிக்கு அடியில் கையை விட்டு, செத்துப்போன அக்காவின் வலது கட்டைவிரலைத் தேடிப் பிடித்தாள் அம்பிகா. மறு கையில் அக்காவின் போன். விரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். பொருந்தவில்லை என்றது போன். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்து மறுபடி வைத்தாள். அதற்கும் அதே பதில்தான். ஐஸ் பெட்டியில் கிடந்த மீன்போல அந்த விரல் சில்லிட்டிருந்தது.

"அடியே, இன்னாடி பண்றே அவ கைய புடிச்சிகினு?" மறைப்பாகப் பிடித்திருந்த புடவையின் ஒரு முனையில் நின்ற ஜமுனா அத்தை அதட்டினாள். "சொம்ப எடு, தலைக்கு ஊத்து. வெளிய ஆம்பளைங்க காத்துனு கீறாங்க."

"ஊத்தறேன் அத்தை. ஒரு நிமிஷம் இரு."

"செத்தவ போன்ல உனக்கு இன்னா வேலை?"

அம்பிகா அந்த விரலை விடவில்லை. காரணத்தைச் சொன்னால் அத்தை புடவையைப் போட்டுவிட்டு ஓடியே போயிருப்பாள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மாலதியை விடியற்காலையில் கோட்டைக்குப்பத்துக்குப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். அப்போதிலிருந்து அந்தப் போன் அம்பிகாவின் இடுப்பில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் மெயில், அவள் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றி. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் தூர்ந்துபோனால் இறால் குஞ்சுகள் என்ன ஆகின்றன என்று வருஷக்கணக்காக இடுப்பளவு தண்ணீரில் நின்று மாலதி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை அது. யார் வேண்டுமானாலும் சும்மா படிக்கட்டும் என்று இணையத்தில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் போன மாதம்தான் ஏற்றியிருந்தாள். "நம்ம ஏரிய பத்தி எழுதினத நம்மாளுங்க துட்டு குடுத்தா படிக்கணும்?" என்று அன்றைக்கு ஒரு குதி குதித்தாள். யாராவது அதை எடுத்துப் படித்தால் அவளுக்கு மெயில் வரும். இன்றைக்கென்று பார்த்து வந்துகொண்டே இருந்தது. பூட்டிய திரையில் ஒரு வரி எழும்பும், அணையும். 'மாலதி, உங்கள் கட்டுரையை ஒருவர் படிக்கிறார்.' 'மாலதி, உங்கள் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார்.' ஒப்பாரிக்கு நடுவே அந்தப் போன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எவரோ எங்கேயோ அவளோடு பேசிக்கொண்டிருக்க, அவள் இங்கே தாடையைச் சேர்த்துக் கட்டிய துணியோடு படுத்திருந்தாள். அம்பிகாவுக்குப் பயமாக இருந்தது.

பொழுது ஏறிய பிறகுதான் அந்த வினை வந்தது. அதே கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழும் வெளியிட இருந்தது. மாலதிக்குக் கைடாக இருந்த பேராசிரியர், அவள் அப்பா கேசவனுக்குப் போன் போட்டார். நல்லபடியாகத்தான் பேசினார், அழக்கூடச் செய்தார். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். முதல் பேர் மாலதியுடையதாக இருக்கிறது. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல உயிரோடு இருப்பவர் அல்லவா முன்னால் இருக்க வேண்டும்? தன் பேரை முதலில் போட்டு மாலதியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாமா?

கேசவன் ஏரித் தொழில் செய்கிறவர். ஏரியில் வலை கட்டும் இடத்துக்கு வரிசை உண்டு, அதைப் பாடு என்பார்கள். ஆளுக்கொரு முறை வரும். சாவு விழுந்த வீட்டுக்காரன் தன் முறையை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுப்பான், அடுத்த சுற்றில் அது அவனுக்கே திரும்பிவிடும். அதில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. அந்தப் பழக்கத்தில், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"சாவு வூடு சார். இந்த முறை நீங்க எடுத்துக்குங்க. பொண்ணுக்கு அடுத்த முறை பாத்துக்கலாம்."

மதித்துக் கேட்டாரே என்று நன்றி வேறு.

அம்பிகா தலையில் அடித்துக்கொண்டாள். "நைனா, இன்னா காரியம் பண்ணிட்டே! இது பாடு இல்ல நைனா. இதுல அடுத்த சுத்தே கிடையாது. முதல் பேரதான் எல்லாரும் எழுதுவாங்க. 'மாலதி மற்றும் பிறர்'னு. இனிமே நம்ம அக்கா அந்தப் பிறர்ல ஒருத்தி. அவ பேர ஒருத்தனும் சொல்லமாட்டான்."

கேசவன் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"கூப்ட்டு வேணாம்னு சொல்லட்டா?"

"நீ சொல்லி இன்னா ஆவும்? பேர மாத்தணும்னா எழுதினவங்களுக்கு மெயில் வரும், அக்காவே சொல்லிகீறா. அவ வேணாம்னு போட்டாதான் நிக்கும். சாயங்காலத்துக்குள்ள போடலைனா ஒத்துக்கினானு எடுத்துக்குவாங்க."

"அவதான் போய்ட்டாளேமா" என்றார் கேசவன். சொல்லிவிட்டுப் பெருங்குரலில் அழுதார். அந்த மெயில் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

இப்போது மறைப்புக்குள் அம்பிகா அக்காவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். வாயால் ஊதினாள். "அக்கா, ஒரே ஒரு தடவைக்கா. உனக்காகத்தான் கேக்கறேன்." விரலை வைத்தாள். போன் திறந்துகொண்டது.

'மாலதி, பெயர் வரிசையை மாற்ற உங்களுக்குச் சம்மதமா?'

கீழே இரண்டு கட்டங்கள். தானே தொட்டிருக்கலாம். கை வரவில்லை. அவள் உழைப்புக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த விரலையே 'சம்மதம் இல்லை' என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனாள். இன்னும் தொடக்கூட இல்லை, விரல் தானாக ஒரு அழுத்து அழுத்தியது. சத்தியமாக அழுத்தியது. அம்பிகா கையை உதறினாள். சொம்பு உருண்டு தண்ணீரெல்லாம் கொட்டியது.

'நன்றி, மாலதி' என்றது திரை.

ஜமுனா அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உருண்ட சொம்பைக் காலாலேயே அம்பிகா பக்கம் தள்ளிவிட்டாள். "தலைக்கு ஊத்துமா" என்றாள், இந்தத் தடவை மெதுவாக.

குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தி மாலை போடும்போது கேசவனின் போன் அடித்தது. காது சரியாகக் கேட்காததால் எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"கேசவன்... மாலதி மெயில்லேர்ந்து இப்ப ஒரு பதில் வந்திருக்கு." கைடின் குரல் குழறியது. "சம்மதம் இல்லைன்னு. யாரு அனுப்பினது?"

மேளம் ஓய்ந்திருந்தது. கேசவன் அம்பிகாவைப் பார்த்தார். முழங்கைவரை நனைந்து நின்றாள். பார்வையைத் திருப்பி மாலதியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவதான் சார்" என்றார். "என் பொண்ணுதான் அனுப்பினா."

"என்ன பேசறீங்க? அவ எப்படி..."

"அவ வேணாம்னா வேணாம் சார். சின்னதுலேர்ந்தே அப்படித்தான். நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

 "சரி, அவ பேரே முதல்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தார்கள். கேசவன் முன்னால் நின்றவனைத் தள்ளிவிட்டு பாடையின் முன்கொம்பைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டார். வயசான காலத்தில் எதற்கு என்று நாலு பேர் தடுத்தும் கேட்கவில்லை. வேகமாக நடந்தார். மற்றவர்கள் அவர் நடைக்குக் கால் போட வேண்டியிருந்தது.