மெஜந்தா குறைந்த பன்னிரண்டு தாள்கள்

நிறம் பார்த்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மருந்துப் பெட்டியோ, பிஸ்கட் உறையோ, சோப்பு அட்டையோ, மெஷினிலிருந்து வரும் முதல் தாளை நான் பார்த்து "ஓட்டுங்க" என்று சொன்ன பிறகுதான் மீதி நாற்பதாயிரமும் ஓடும். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. கண் நன்றாக இருப்பவனுக்குத்தான் இந்த வேலை என்று நினைப்பீர்கள். எனக்கோ மூக்கின் மேல் ஒரு கிலோ கண்ணாடி. அச்சகத்தில் என் பெயர் சோடாபுட்டி. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார், பின்னால் ஒரு 'சார்' சேர்த்து.

வீட்டில் நானும் என் மகளும்தான். அவளை வாலு என்று கூப்பிடுவேன். அவள் அம்மா இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது பதினெட்டு. இந்த ஆறு வருடத்தில் அவளை நான் வளர்த்தேனா, அவள் என்னை வளர்த்தாளா என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்புக்கு இரண்டு கலைக் கல்லூரிகளைக் குறித்து வைத்திருந்தாள். ஒன்று பக்கத்துக் கல்லூரி. வீட்டு வாசலில் பஸ் ஏறினால் இருபது நிமிடம். சுமாரான கல்லூரி இல்லை, நல்ல கல்லூரிதான். இன்னொன்று தூரத்துக் கல்லூரி. ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும். அங்கே படித்தவர்கள் செய்த எழுத்துருக்களில்தான் பாதி நாட்டின் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன என்று அவள் சொல்வாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, நடுவில் கோடு போட்டு, இரண்டுக்கும் மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லூரிக்கு நேரே 'வீட்டுச் சாப்பாடு' என்று எழுதி, அதற்குக் கழித்தல் குறி போட்டிருந்தாள். சமையல் நான்தான்.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று மாதம் முழுக்கக் கேட்டாள்.

"உன் இஷ்டம்மா."

பெருந்தன்மையான அப்பா என்று நினைத்துவிடாதீர்கள். மனசுக்குள் நான் பக்கத்துக் கல்லூரிக்கு விளக்கேற்றாத குறை. என் அக்கா ஃபோனில் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். "புள்ளைய பக்கத்துலயே வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? தினமும் உன் கண்ணாடிய துடைச்சுத் தரச் சொல்லப் போறியா? போகட்டும் விடு."

"நான் எங்க புடிச்சு வச்சிருக்கேன்? போகட்டுமே."

"வாய்தான் சொல்லுது" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போன வருடம் பள்ளியில் நான்கு நாள் சுற்றுலா போயிருந்தாள். அந்த நான்கு நாளும் நான் அடுப்பங்கரை மேடை ஓரம் நின்றபடியே சாப்பிட்டேன். தட்டு எடுக்கத் தோன்றவில்லை. அந்த நான்கு நாளில் நான் வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசியது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் கட்டிலில் கால் இடித்துக்கொண்டபோது. அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. நான்கு நாளுக்கே இப்படியென்றால் நான்கு வருடத்துக்கு என்ன செய்வேன்?

இரண்டு கல்லூரிகளும் அவள் செய்த படைப்புகளைப் பெரிய தாளில் அச்சிட்டு அனுப்பும்படி கேட்டன. பன்னிரண்டு தாள்கள். தக்காளி சாஸ் பாட்டிலுக்கு ஒரு லேபிள், நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை, பல் மருத்துவமனைக்கு ஒரு விளம்பரம், இரத்ததான முகாமுக்கு ஒரு சுவரொட்டி. பெரும்பாலானவற்றில் சிவப்புதான் ராஜா. அந்தச் சிவப்பைப் பிடிக்க மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். அச்சடிப்பது என் பொறுப்பு. எங்கள் அச்சகத்தில் மாதிரி எடுக்கத் தனி பிரிண்டர் ஒன்று உண்டு.

பக்கத்துக் கல்லூரிக்கானதை ஒரு வியாழக்கிழமை அடித்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. தூரத்துக் கல்லூரிக்கானதைச் சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து எல்லாரும் போனபின் அடித்தேன்.

முதல் தாள் வெளியே வந்ததுமே தெரிந்துவிட்டது. மெஜந்தா மை ஒழுங்காக இறங்கவில்லை. மெஜந்தா குறைந்தால் சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும். இரத்ததான சுவரொட்டியில் இரத்தம் இல்லை, துருதான் இருந்தது. மை வரும் வாயைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. துடைக்கும் துணி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

நான் துணியை எடுக்கவில்லை. மீதிப் பதினொரு தாளும் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான். அதுதான் நான் செய்தது.

எங்கள் கூடத்தில் மஞ்சள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் செங்கல்கூடச் சிவப்பாகத்தான் தெரியும். தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு வாலு கேட்டாள். "கலர் சரியா இருக்காப்பா?"

"இருக்கு" என்றேன்.

மறுபேச்சு இல்லாமல் சுருட்டிக் குழாயில் போட்டு மூடினாள். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் நாற்பதாயிரம் தாள் ஓடும். அவள் நம்பாமல் என்ன செய்வாள்?

ஆறு வாரம் கழித்து இரண்டு பதிலும் ஒரே வாரத்தில் வந்தன. பக்கத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது, அனுப்பிய தாள்களும் குழாயோடு திரும்பி வந்தன. தூரத்துக் கல்லூரியிலும் இடம் கிடைத்தது, ஆனால் கூடவே ஒரு கடிதமும், திருப்பி அனுப்பிய தாள்களும் இருந்தன. எழுத்தும் அமைப்பும் சிறப்பு, நிறத்தின் மீதான பிடி பலவீனமாக இருக்கிறது, எனவே முதலாண்டுக்கு முன் ஓர் ஆயத்த ஆண்டு படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தை அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, "சரிதான்" என்றாள்.

"என்ன சரி?"

"எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சுப்பா. உங்களுக்கு இருக்கிற கண்ணு எனக்கு வரல. பரவால்ல, எல்லாருக்கும் எல்லாம் வருமா?"

அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. அடுத்த நாளிலிருந்து அவள் செய்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. பக்கத்து வீட்டுப் பாப்பாவின் பிறந்தநாளுக்கு வரைந்த அட்டைகூடக் கறுப்பு வெள்ளை. அதை வாங்கிய பாப்பா, "அக்கா, கலர் அடிக்க மறந்துட்டீங்க" என்றது. வாலு சிரித்து, "நீயே அடிச்சுக்கோ" என்றாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை, பக்கத்துக் கல்லூரியின் படிவத்தை நிரப்பி என் முன்னால் வைத்தாள். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. நான் ஆசைப்பட்டது அப்படியே கைக்கு வந்துவிட்டது. பேனாவைத் திறந்தேன். பெயரின் முதல் எழுத்தைக்கூடப் போட முடியவில்லை.

"நாளைக்கு மத்தியானம் அச்சகத்துக்கு வா. அங்க போட்டுத் தரேன்."

"இங்க போட்டா என்ன, பேனா வேலை செய்யாதா?"

"வாம்மா. வரும்போது அந்த ரெண்டு குழாயையும் எடுத்துட்டு வா."

அச்சகத்தில் நிறம் பார்ப்பதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. மூன்று பக்கம் சாம்பல் பூச்சு, மேலே பகல் வெளிச்சம் தரும் விளக்கு. அதற்குள் பொய் சொல்ல முடியாது என்று மெஷின்காரர் வேடிக்கையாகச் சொல்வார். அன்று அவர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு இரத்ததான சுவரொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கைப் போட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள், மற்றதைத் தூக்கிப் பார்த்தாள். கண் இல்லை என்று சொன்னவளுக்கு நான்கு விநாடி போதுமாக இருந்தது.

"மெஜந்தா இறங்கல" என்றாள்.

"ஆமா."

"அங்க போனது இதா?"

"இதான்."

"உங்களுக்கு எப்பப்பா தெரிஞ்சுது?"

மென்று முழுங்க நினைத்தேன். முடியவில்லை. "அடிக்கும்போதே தெரிஞ்சுது. முதல் தாள்லயே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில்கூடத் தயாராக இருந்தது.

"ஏன்?"

"நீ போயிட்டா வீட்ல நான் மட்டும்தான். எனக்குப் பயமா இருந்துச்சு." தயார் செய்து வைத்த பதில் அதைவிட நீளம். அதெல்லாம் மறந்துவிட்டது.

அவள் விளக்கை அணைத்தாள். பிறகு மெதுவாக, யாரிடமோ கணக்கு ஒப்பிப்பதுபோல் பேசினாள்.

"நான் போறதாவே இருந்ததில்லப்பா. ஆரம்பத்துலயே இங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். உங்கள தனியா விட்டுட்டு எப்படிப் போறது? ஃப்ரிட்ஜ்ல எழுதினது எல்லாம் சும்மா விளையாட்டு. அங்க அனுப்பினது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். நான் நிஜமாவே நல்லா பண்றேனான்னு தெரிஞ்சுக்கணும். அது தெரிஞ்சா போதும்னு இருந்தேன். நீங்க அதைத்தான் எடுத்துட்டீங்க."

நான் இழந்துவிடுவேன் என்று பயந்தது எனக்கே எனக்கென்று ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதை நானே என் கையால் கெடுத்திருக்கிறேன்.

"அப்ப... இப்ப?" என்று கேட்டேன். கேட்கும் தகுதி எனக்கு இல்லைதான். இருந்தும் கேட்டேன்.

"இப்ப போகணும்பா. இங்க இருந்தா நீங்க நல்லா இருக்குன்னு சொல்றப்பல்லாம், நம்பலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். நாலு வருஷம் அப்படி இருக்க முடியாது."

தூரத்துக் கல்லூரிக்கு நானே ஃபோன் செய்தேன். அலுவலகத்தில் ஒரு அம்மா எடுத்தார். "நிறத்துல தப்பு பொண்ணோடது இல்லங்க. அச்சடிச்சது நான். என் தப்பு. தெரிஞ்சேதான் அனுப்பினேன்" என்றேன். கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். வாலுவின் விண்ணப்ப எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "நீங்க அவங்களுக்கு யாரு?" என்றார்.

"அப்பா."

ஆசிரியர்களைக் கேட்டுவிட்டு அரைமணியில் அவரே கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமைக்குள் வேறு தாள்கள் வந்து சேர்ந்தால் மறுபடி பார்ப்பார்களாம், அதுவரை இடத்தை வைத்திருப்பார்களாம். இந்த முறை அடிப்பதற்கு முன்பே துணியை எடுத்து மை வரும் வாயைத் துடைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் அடித்த ஒவ்வொரு தாளையும் வாலு எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். நான்காவது தாளில் சிவப்பு கொஞ்சம் தூக்கல் என்று திரும்ப அடிக்கச் சொன்னாள். எனக்கு அந்தத் தூக்கல் தெரியவே இல்லை. அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆயத்த ஆண்டு தேவையில்லை என்று பத்து நாளில் கடிதம் வந்தது. நிறம்தான் இவளுடைய பலம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நானாகத்தான் படித்தேன்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. கோபமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீர்களா, கண் பரிசோதனைக்குப் போனீர்களா, அத்தை பேசினார்களா என்று எல்லாம் கேட்கிறாள். விடுமுறைக்கு வருவதற்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். இப்போது நான் தட்டில்தான் சாப்பிடுகிறேன், கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

வகுப்பில் செய்ததைப் படம் எடுத்து அனுப்புகிறாள். போன வாரம் ஒரு சுவரொட்டி வந்தது. பெரிய ஆரஞ்சு, அதன் ஓரத்தில் மெல்லிய நீலம், இரண்டும் தொடுகிற இடத்தில் கண் கூசியது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படியொரு ஆரஞ்சு என் மெஷினில் வந்ததில்லை. படம் மட்டும்தான் வந்தது. எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. இந்த ஏழு மாதத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

நல்லா இருக்கு என்று ஃபோனில் அடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். ஆனால் அது நன்றாகத்தான் இருந்தது.