சிவப்புக் குடத்துக்குப் பக்கத்தில் ராணி

மேனாம்பேட்டில் ராயப்பன் போட்டோ ஸ்டூடியோ வைத்துப் படம் எடுப்பார், அவர் மனைவி ஞானகுமாரி கடைக்குப் பின்னால் இருந்த இருட்டறையில் பிரிண்ட் போடுவாள். மாப்பிள்ளையை ஒரு சுற்று வெளுப்பாக்குவது, பெண்ணின் பச்சைப் புடவை நீலமாகிவிடாமல் காப்பாற்றுவது எல்லாம் அவள் பாடு. ஆனால் நாயின் நிறத்தைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி அன்றைக்கு வரைக்கும் அவளிடம் யாரும் வந்ததில்லை.

வந்தவள் கள்ளிக்குப்பம் தாட்சாயிணி. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. தனி ஆள். கையில் ஒரு நெகட்டிவும், சுவரிலிருந்து கழற்றிய பிரேம் போட்ட படமும் இருந்தன. படத்தில் அடிபம்பு, சாயங்கால வெயில், ஒரு பிளாஸ்டிக் குடம், பக்கத்தில் ஐந்தாறு மாதத்து நாய்க்குட்டி.

"இதான்கா ராணி. என் தம்பி போன வருசம் எடுத்தான். ஷிப்ட் முடிஞ்சி வந்தா பஸ் ஸ்டாப்பாண்ட வந்து நிக்கும். மழையில காணாப் பூட்டுது. இப்ப பாரிவாக்கத்துல ஒரு ஊட்ல கட்டி வெச்சிக்கினு கீறாங்க."

"அந்த நாய்தான்னு எப்படிச் சொல்றே?"

"கோதுமை கலரு. இதே கலரு."

அந்த வீட்டுக்காரர் பேர் உத்தமன். நாய் அக்கா வீட்டிலிருந்து வந்தது என்கிறாராம். ஆனாலும் சண்டைக்கு நிற்கவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல சுவரு, தரை, உன் நாயி எல்லாமே மஞ்சளாத்தாம்மா கீது. கலர ஒழுங்காப் போட்டுக்கினு வா. என் நாய் கலர்ல இருந்தா நானே அவுத்து உடறேன்" என்றிருக்கிறார்.

"கூப்பிட்டா வாலாட்டுதா?"

"ஆட்டுது. ஆனா அது பால்காரனுக்குந்தான் ஆட்டுது."

ஞானகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். உத்தமன் சொன்னதும் சரிதான். சாயங்கால வெயில் பொல்லாதது, எதன் மேல் பட்டாலும் அதைப் பொன்னாக்கிவிடும். போதாததற்கு எந்தப் புண்ணியவானோ அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழுவியிருந்தான்.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது ஏன் இப்படி என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் சோறு இறங்காது. நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சளைக் குறைக்கலாம், சிவப்பைக் கூட்டலாம், மெஷினில் அதற்குக் குமிழ்கள் இருக்கின்றன. ஆனால் எதுவரைக்கும்? மனுஷ முகம் என்றால் எப்படி இருக்கும் என்று தெரியும், அதை வைத்து நிறுத்தலாம். இந்த நாயை அவள் பார்த்ததேயில்லை. படத்தில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளின் நிறம் நிச்சயமாகத் தெரிந்தால் போதும், அதைச் சரியாக்கினால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

"இந்தக் குடம் இன்னும் இருக்கா?"

தாட்சாயிணி ஒரு மாதிரி பார்த்தாள். "கீது. ஏன்கா?"

"எடுத்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஞானகுமாரி வருவதற்குள் குடத்தோடு கடை வாசலில் நின்றாள் தாட்சாயிணி. கழுத்தில் பழைய புடவைக் கிழிசல் இறுக்கிக் கட்டிய சிவப்புக் குடம். அடிபம்பு வரிசையில் நூறு குடம் நிற்கும்போது தன்னுடையது எது என்று தெரிய வேண்டாமா? சிலர் நெயில் பாலிஷால் புள்ளி வைப்பார்கள், சிலர் பெயர் எழுதுவார்கள், தாட்சாயிணி துணி கட்டியிருந்தாள்.

ஞானகுமாரி இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கலர் பேப்பருக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது, கும்மிருட்டில் எல்லாமே கைத்தடவல்தான். ஒரு பிரிண்ட் போட்டுக் கழுவி, மின்விசிறிக்குக் கீழே காய வைத்து, வெளியே பகல் வெளிச்சத்தில் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஈரப் படத்தை நம்ப முடியாது, காய்ந்தால் வேறு முகம் காட்டும். மறுபடி உள்ளே போவாள். முதலில் குடம் கத்திரிக்காய் நிறத்தில் வந்தது, பிறகு செங்கல்லாக வந்தது, கடைசியில் படத்துக் குடமும் வாசற்படிக் குடமும் ஒரே வெளிர்சிவப்பில் வந்து நின்றன.

பக்கத்திலிருந்த ராணி அச்சு அசல் கோதுமை நிறம்.

"நான்தான் சொன்னேனே!" தாட்சாயிணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இரு அக்கா, போய்க் கயிறும் பிஸ்கட்டும் வாங்கிக்கினு வந்துடறேன். அப்பிடியே பாரிவாக்கம் போயிடறேன்." குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

ஞானகுமாரிக்கும் பெருமைதான். காலை நீட்டிப் படியில் உட்கார்ந்து குடத்தைத் தட்டிக் கொடுத்தாள். தட்டும்போது கழுத்துத் துணி கொஞ்சம் நழுவியது. அடியில் வேறு ஒரு நிறம் தெரிந்தது.

துணியை அவிழ்த்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு அரைத்த குங்குமம் மாதிரி அடர்த்தியான சிவப்பு. மற்ற இடமெல்லாம் ஒரு வருஷ வெயிலில் காய்ந்து வெளுத்த தோல். குடம் பொய் சொல்லவில்லை, இன்றைய நிறத்தைத்தான் சொன்னது. படம் எடுத்த அன்றைக்கு அது புதுக் குடம்.

எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! மாடியில் காயும் புடவை வெளுக்கும் என்று தெரியும், குடம் வெளுக்கும் என்று தோன்றவில்லை.

துணியைத் திரும்பக் கட்டிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பெண் சந்தோஷமாகப் போவாள், உத்தமனும் சொன்ன சொல்லுக்கு நாயை அவிழ்த்துவிடுவார். ஆனால் நிஜமாக ராணி என்ன நிறம்? அந்தக் கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளால் சாப்பிட முடியாது. அதற்கு மேல், பாரிவாக்கத்திலும் அந்த நாய்க்காக யாராவது சோறு பிசைந்து வைத்துக் காத்திருப்பார்கள்.

உள்ளே போனாள். இந்த முறை அந்த ஒரு விரல் சிவப்புக்குப் பொருந்தும்வரை போட்டாள். வெளியே வந்து பார்த்தபோது சுவர் வெள்ளைச் சுண்ணாம்பாக இருந்தது, புல் பச்சையாக இருந்தது. குடத்துக்குப் பக்கத்தில் ஒரு செவலைக்குட்டி, ஈரச் செம்மண் நிறத்தில், காதைத் தூக்கிக்கொண்டு நின்றது.

தாட்சாயிணி புதுக் கயிற்றோடு வந்தாள். ஞானகுமாரி குடத்தின் கழுத்தைக் காட்டினாள், பிறகு படத்தைக் கொடுத்தாள்.

தாட்சாயிணி படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரலால் அந்தக் குட்டியின் முதுகைத் தடவினாள்.

"ஐயோ, இதான்கா. இதான் ராணி. பஸ் ஸ்டாப்பாண்ட இப்பிடித்தான் வந்து நிக்கும். டெய்லி செவுத்துல அந்த மஞ்சப் படத்தப் பாத்துப் பாத்து எனக்கே மறந்து பூட்டுதுக்கா."

"அப்போ பாரிவாக்கத்துல இருக்கிறது..."

"அது அவரு நாயி." கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். அழுவாள் என்று ஞானகுமாரி பயந்தாள். ஆனால் அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை, எதையோ கணக்குப் போடுகிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, ஆவடி, பூந்தமல்லின்னு நான் போவாத எடமில்ல. போன எடத்துல எல்லாம் அந்த மஞ்சப் படத்தக் காட்டி, கோதுமை கலர் நாயப் பாத்தீங்களான்னு கேட்டுக்கினு வந்தேன். எவன்கா பாத்துட்டேன்னு சொல்லுவான்?"

ஞானகுமாரி அந்த மஞ்சள் படத்தைப் பிரேமோடு குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"இதே கலர்ல இன்னும் நாலு காப்பி போட்டுக் குடுக்கா" என்றாள் தாட்சாயிணி. "மொதல்லேந்து போய்க் கேக்கணும்."