ஆயிரம் லிட்டர்

எங்கள் ஊரில் ஊருணிக்குள் செருப்போடு யாரும் இறங்க முடியாது. கலெக்டரே வந்தாலும் கரையில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். போர் போட்டால் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் சோறு பொங்குவதும் குடிப்பதும் ஊருணித் தண்ணீரில்தான்.

சித்திரை வந்தால் அதுவும் காய்ந்துவிடும். அப்புறம் மூன்று மாதம், குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலூர் ரோட்டுக்குப் போய் லாரிக்கு நிற்க வேண்டும். அப்படி நின்ற ஒரு நாளில்தான் என் வயிற்றிலிருந்த ஐந்து மாதப் பிள்ளை போனது. இதை நான் அழாமல் சொல்கிறேன் என்று சிலருக்குக் குறை. அழுது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த ஆவணியில் மெஷின் வந்தது. வெளிநாட்டில் யாரோ பணம் போட, காளவாசலில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு டிரஸ்ட் ஊருணிக்குப் பக்கத்தில் ஷெட் போட்டு, கூரையில் சோலார் தகடு பரப்பி, போர்த் தண்ணீரில் உப்பைப் பிரிக்கும் மெஷினை வைத்தது. கரண்டு பில் இல்லை. தண்ணீர் இலவசம். பிலோமினாள் பத்தாவது படித்தவள் என்று என்னையே ஆபரேட்டராகப் போட்டார்கள். நல்ல தண்ணீர் குழாயில் வரும், பிரிந்த உப்புத் தண்ணீர் பின்னால் வெட்டியிருந்த குழிக்குப் போகும். குழாயில் சிம் கார்டு போட்ட மீட்டர் ஒன்று இருந்தது. எத்தனை லிட்டர் போகிறது என்று பணம் போட்டவர்கள் அங்கிருந்தே பார்ப்பார்களாம்.

ஐப்பசியில் நல்ல மழை. ஊருணி நிறைந்தது. மெஷின் பக்கம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஊருணிக்குக் காவல் இருக்கும் அழகுபாண்டி அண்ணனுக்கு ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். மருந்து பாட்டிலைக் கழுவி ஊற்றின மாதிரி இருக்கிறது என்று பாதியிலேயே கீழே வைத்துவிட்டார்.

கார்த்திகையில் டிரஸ்ட் எஞ்சினியர் சித்தார்த் போன் செய்தார். தினமும் ஆயிரம் லிட்டராவது போக வேண்டும், மூன்று மாதம் குறைந்தால் மெஷினைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள், ஒப்பந்தம் அப்படி என்றார். மழைக்காலத்தில் யார் சார் வருவார்கள், சித்திரையில் வந்து பாருங்கள் என்றேன். அதுவரைக்கும் பொறுக்க மாட்டார்கள் என்றார். பணம் போட்டவர்களுக்குச் சித்திரையும் தெரியாது, மாசியும் தெரியாது.

மறுநாள் குழாயில் ஹோஸ் மாட்டி எதிரே இருந்த கருவேலங்காட்டுக்குள் விட்டேன். காலை ஒன்பதுக்குத் திறப்பேன், மீட்டர் ஆயிரம் ஏறியதும் மூடுவேன். குடிக்கிற தண்ணீரைக் கருவேலமரம் குடித்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் மெஷின் போய்விட்டால் மறுபடி ரோடு, மறுபடி லாரி.

மார்கழியில் ஒரு நாள் ஷெட்டுக்குப் பின்னால் போனேன். ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால் அதைவிட அதிகமாக உப்புத் தண்ணீர் கழியும். குழி நிறைந்து வழிந்து, ஊருணிக்கு மழைத்தண்ணீர் வரும் வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. மண்வெட்டியை எடுத்து நாலு கொத்து மண் போட்டேன். மறுநாள் கரைந்துபோயிருந்தது. இம்புட்டுப் பெரிய ஊருணிக்கு இது எம்மாத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு பின்பக்கம் போகவே இல்லை.

மாசியில் பருப்பு வேகவில்லை. என் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்து நாலு வீட்டில் விசாரித்தேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அழகுபாண்டி அண்ணன் ஊருணியில் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். ஒரே உப்பு, விழுங்க முடியவில்லை. அப்போதும் அதற்குள் துப்பவில்லை, கரையேறி வந்துதான் துப்பினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே ஷெட் வாசலில் குடம் வரிசை கட்டியது. ஹோஸைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டேன். மீட்டர் இரண்டாயிரம் காட்டியது, பிறகு மூவாயிரம். சித்தார்த் சந்தோஷப்பட்டார்.

பங்குனியில் பணம் போட்டவர்கள் மூன்று காரில் வந்தார்கள். எங்கள் மீட்டரைப் பார்த்துத்தான் இன்னும் ஆறு ஊருக்கு இதே மாதிரி கொடுக்கப்போகிறார்கள் என்று சித்தார்த் காதோரம் சொன்னார். அங்கெல்லாம் ஊருணி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்குமே, ஏன் என்றார். ஆயிரம் எப்படி மூவாயிரம் ஆனது என்று அவர்கள் கேட்டதைத் தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அழகுபாண்டி அண்ணன் முன்னால் வந்துவிட்டார்.

"ஊருணி செத்துப்போச்சு சார். சாமிக்கு என்ன கோவமோ. இந்தப் பிள்ள மட்டும் மெஷின விடாம ஓட்டலேன்னா, நாங்க அம்புட்டுப் பேரும் இந்நேரம் ரோட்டுலதான் நின்னுருப்போம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பயம்கூட வரவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கார்கள் போனதும் அண்ணன் கேனை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். சிமெண்டுத் தரை சுடும், செருப்போடேயே வாங்கண்ணே என்றேன்.

"குடிக்கிற தண்ணி இருக்குற எடமுல்ல பிலோமி," என்றார்.

வெறுங்காலோடு உள்ளே வந்து கேனைக் குழாய்க்கு நேராகப் பிடித்தார். நான் திறந்துவிட்டேன். கேன் நிறையும்வரை, பின்னால் குழியில் உப்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.