ஓடத் தெரிந்த மாப்பிள்ளை

"ஞாயிறில நான் ரெட்வுட் காட்டுக்குள்ள ஓடப் போறனான். நீங்களும் ஓடுவீங்களோ?" என்று போனில் சுஜீவா கேட்டாள்.

"நல்லா ஓடுவேனே!" என்றான் ஜெகதீஷ்.

"மேல இருந்து கீழ இறங்கேக்க பயமில்லையோ?"

"அதுல என்ன பயம்? கண்ணை மூடிக்கிட்டே இறங்குவேன்."

"அம்மாடி!" என்றாள் எதிர்முனையில். அசந்துபோய்விட்டாள் என்று, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நானும் அவனும் கண்ணால் பேசிக்கொண்டோம்.

இந்தச் சம்பந்தத்தைப் பேசிவிட்டது நான்தான். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைக்குள் வளர்ந்தவன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வருகிறவரிடம்தான் பொறுமையாக விரித்துக் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இங்கே மெல்பர்னில், கேரம் டவுன்ஸ் கோயிலில் வைத்து இருவரையும் சந்திக்க வைத்தேன். சுஜீவா டண்டினொங்கில் நர்ஸ், யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஜெகதீஷ் சென்னைப் பையன், ஐ.டி. அன்றே அவன் விழுந்துவிட்டான். அவள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். "எனக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டா காடுதான் அண்ணை. கூட வரக்கூடிய ஆள் எண்டா யோசிப்பன். இல்லாட்டி வேண்டாம்."

ஆக, ஞாயிற்றுக்கிழமைதான் பரீட்சை.

மெல்பர்னுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அந்தக் காடு. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மரங்கள், ஜவுளிக்கடையில் துணித் தான்களை நிறுத்தி வைத்த மாதிரி வரிசை பிசகாமல் நின்றன. எப்போதோ இவற்றுக்கு பி.ஆர்., அதாவது இந்நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைத்திருக்க வேண்டும், அந்த நிம்மதியில்தான் இப்படி வளர்ந்திருக்கின்றன. உள்ளே மூன்று பாதைகள்: நடப்பவர்களுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று. தனித்தனியாகக் கிளம்பி, அங்கங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும்.

கார் நிறுத்துமிடத்தில் சுஜீவாவின் தம்பி அனோஜன் வண்டியிலிருந்து சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்தான். தடித்த டயர், சிவப்பு நிறம் என்று ஒன்றை ஜெகதீஷ் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இது உங்களுக்கு. பிரேக் எல்லாம் செக் பண்ணிட்டன்."

"எனக்கெதுக்கு சைக்கிள்?"

"ஓடத்தானே வந்தனீங்கள்?" என்றாள் சுஜீவா.

"ஆமா. ஓடத்தான் வந்தேன்." ஜெகதீஷ் ஒரு காலைத் தூக்கிப் புது ரன்னிங் ஷூவைக் காட்டினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் சைக்கிளை ஓட்டமாட்டார்கள், ஓடுவார்கள். காரையும் ஓடுவார்கள்.

"ஐயோ!" அனோஜன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான். "ப்ரோ, யூ மீன் ரன்னிங்?"

"சரி, சைக்கிளும் ஓடலாந்தானே?" என்றாள் சுஜீவா.

ஜெகதீஷ் ஷூவைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. மூணாவது மாடி வீடு. எங்கம்மா ரோட்டுல இறங்க விட்டதில்ல."

அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. இந்த நேரத்தில் கடைக்காரன் வாயை மூடினால் வியாபாரம் போச்சு.

"இங்க பாரும்மா, ஓடணும்னு கேட்டது நீ. ஓடத் தயாரா வந்து நிக்கிறது இவன். சரக்குல குறை இல்ல, லேபிள்தான் மாறிப்போச்சு."

"லேபிளை வாசிச்சுத்தானே அண்ணை வாங்கிறது?"

சரியான பார்ட்டியிடம்தான் மாட்டியிருக்கிறேன். இழுத்துப் பிடித்துக் கடைசியில் இப்படி முடித்தேன்: அவள் சைக்கிள் பாதையில் போகட்டும், அவன் நடைபாதையில் ஓடட்டும்; பாதைகள் வெட்டுகிற இடங்களில் சந்திக்க வேண்டும்.

"ஓம். ஆனா என்னைக் காக்க வைக்கக் கூடாது" என்று ஏறி மிதித்தாள்.

அனோஜன் தன் சைக்கிளிலும், நான் அந்தச் சிவப்பு சைக்கிளிலும் அவள் பின்னால் போனோம். மேட்டில் சைக்கிள் திணறியது. முதல் சந்திப்பில் ஜெகதீஷ் மரத்தில் சாய்ந்து, பூங்காவுக்குக் காற்று வாங்க வந்தவன் போல நின்றான். "வாங்க, வாங்க! டீ சாப்பிடுறீங்களா?" சுஜீவா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்துவிட்டாள். அடுத்த சந்திப்பிலும் அவனே முதல். எனக்கு மனதுக்குள் நாதஸ்வரம் கேட்க ஆரம்பித்தது.

பிறகு இறக்கம். சைக்கிள்கள் பறந்தன. ஓடைப் பாலத்தில் நாங்கள் மூவரும் நின்றோம்; ஜெகதீஷைக் காணவில்லை. இன்னும் காணவில்லை.

"கண்ணை மூடிக்கொண்டு இறங்கிட்டார் போல" என்றான் அனோஜன்.

சுஜீவா சிரிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பினாள். "நான் போயிட்டு வாறன்."

போயே போய்விடுவாளோ என்று பயந்தேன். ஆனால் அவள் கார் இருந்த பக்கம் போகவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி, அதை உருட்டிக்கொண்டு நடைபாதை மேட்டில் ஏறினாள்.

அனோஜன் வாயைப் பிளந்தான். "அக்கா இறங்கி உருட்டி நான் பாத்ததே இல்ல."

"பேசாம இருடா" என்றேன். வேண்டாம் என்று கடைப்படி இறங்கியவர் திரும்பி ஏறும்போது யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது.

சற்று நேரத்தில் மரங்களுக்கு நடுவே குளம்புச் சத்தம். வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி ஒரு கிழட்டுப் பழுப்புக் குதிரையின் கயிற்றைப் பிடித்து நடந்து வந்தாள். குதிரை மேலே, தலை முதல் கால் வரை சேறு பூசிக்கொண்டு, பிடரியைக் கட்டிப் பிடித்தபடி ஜெகதீஷ். பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி சுஜீவா. சறுக்கி விழுந்து கால் பிசகியவனைக் குதிரைப் பாதையில் வந்த பாட்டி ஏற்றிவிட்டிருக்கிறாள்.

"மாப்பிள்ளை அழைப்பா?" என்று கத்தினேன். "மேளம்தான் குறை!"

அனோஜன் உடனே சைக்கிள் மணியை அடித்தான். பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இன்னும் நிமிர்ந்து நடந்தாள்.

பாலத்தருகே அவனை இறக்கினோம். பாட்டிக்கு நன்றி சொன்னோம். சுஜீவா மண்டியிட்டு அவன் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். "எலும்பு முறியேல்ல. வீக்கம்தான். உங்களை ஆர் கண்ணை மூடச் சொன்னது?"

"நீங்க காத்திருப்பீங்கன்னு வேகமா வந்தேன்."

அவள் நிமிரவில்லை. தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவன் காலில் சுற்றத் தொடங்கினாள். அவன் என்னைப் பார்த்தான்; நான் மரத்தைப் பார்த்தேன். இனி நான் பேசினால்தான் கெடும்.

"சுஜீவா, நம்ம விஷயம்... நடக்குமா?" என்று அவனே கேட்டான்.

அவள் முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

"இப்போதைக்கு நடக்கட்டும்" என்றாள். "ஓடுறதைப் பிறகு பாப்பம்."