கணக்கு முடிஞ்சுது

கடையில் காற்றடிக்கும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. டயர்க்காரர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் வைத்துக் கேட்டார். பொம்பளைக் குரல். பள்ளிக்கூட விடுதியிலிருந்து பேசுவதாகச் சொன்னது.

"உங்க வீட்டுப் பொண்ணு கணக்கு முடிஞ்சுதுங்க. நாளைக்குக் காலையில வீட்டுலருந்து ஒருத்தர் கட்டாயம் வரணும்."

இன்னும் என்னவோ சொன்னது. எந்திரச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. எந்திரத்தை அணைத்துவிட்டு "என்னம்மா?" என்று இவர் கேட்பதற்குள் போன் செத்துப்போனது.

கணக்கு முடிஞ்சுது. அந்தச் சொல்லுக்கு அவருக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. வாலிபத்தில் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவரை, மேஸ்திரி ஒருநாள் கூப்பிட்டு, "உன் கணக்கு முடிஞ்சுதுய்யா" என்றான். அப்புறம் லாரி ஷெட்டில் முதலாளி. அவன் வாயிலும் அதே சொல்தான். ஆளை விரட்டுகிறவன் 'வெளியே போ' என்று சொல்லமாட்டான். கணக்கு முடிந்தது என்பான். அதில் ஏதோ மரியாதை இருப்பதாக அவனுக்கு நினைப்பு.

பெண் அவருடைய தம்பி மகள். தம்பி லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள்தான் அதிகம். அதனால் குழந்தை வளர்ந்ததெல்லாம் பெரியப்பாவின் டயர்களுக்கு நடுவில். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்களைக் கூட்டி, வகுத்து, தனக்குத்தானே சிரித்துக்கொள்ளும். அதைப் பார்த்த யாரோ ஒரு டீச்சர் பரீட்சை எழுத வைத்து, கணக்கும் அறிவியலும் கொட்டிக்கிடக்கிற தலைகளாகப் பொறுக்கிச் சேர்க்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். தெருவில் அதற்கு மூளைப் பள்ளிக்கூடம் என்று பெயர்.

டயர்க்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. படிப்பு சும்மா, சாப்பாடு சும்மா, படுக்கை சும்மா. சும்மா கொடுக்கிறவனை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. "ஒரு வருஷம் தாங்காது. வேணும்கிற வரைக்கும் வெச்சிருந்துட்டுத் துரத்திவிடுவானுங்க, பாருங்க" என்று கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

அவர் சொன்னபடியே நடந்துவிட்டது. நியாயமாக மார்தட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தம்பி மனைவி வீட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் நின்றது.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க மாமா."

"சொன்னேன் சொன்னேன். நான் சொன்னதெல்லாம் நீ எப்ப கேட்ட?"

"எதுக்கும் ஒரு போன் போட்டு என்னன்னு கேளுங்களேன்."

"போன்ல கேட்டா போன்லயே ஒரு பதில் சொல்லி வெச்சிடுவான். மூஞ்சிக்கு நேரா கேட்டாத்தான் முழிப்பான். நான் போறேன்."

அவள் எழுந்து மெஷினைப் பிடித்து இழுத்தாள். மகளின் கட்டில் இருந்த மூலையில்தான் இப்போது மெஷின் இருந்தது. மகள் திரும்பி வந்தால் படுக்க இடம் வேண்டுமே.

"இப்பவே எதுக்கு இழுக்குற? போயிட்டு வரேன், இரு" என்றார். சொன்னாரே தவிர, கிளம்பும்போது பெட்டியைக் கட்டுவதற்கு ஒரு நைலான் கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் முழு வழியும் வாத்தியாரைத் திட்டிக்கொண்டே போனார், மனசுக்குள். நல்ல நல்ல வசவாக வந்தது. பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துவிட்டது.

உள்ளே நடைபாதைச் சுவர் முழுக்கக் கரும்பலகை. ஜன்னல் கண்ணாடியைக்கூட விட்டுவைக்காமல் கிறுக்கியிருந்தார்கள். மாடிப்படியில் ஒரு பெண் நூலில் கட்டிய கல்லை ஆட்டிவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பையன்கள் சுவருக்குப் பக்கத்தில் நின்று கத்தினார்கள். அடிதடி வரும் என்று இவர் நின்று பார்த்தார். ஒருத்தன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிடா, நான்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான். டிப்போவில் இருந்த காலம் முழுக்க அப்படியொரு வார்த்தையை யார் வாயிலிருந்தும் அவர் கேட்டதில்லை.

கேட்டில் காவல்காரன் சொன்ன அறையில் இருந்த கணக்கு வாத்தியார் சின்ன வயசுக்காரன். சட்டைப் பையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"வாங்கய்யா, உட்காருங்க. நீங்க பொண்ணுக்கு...?"

"பெரியப்பா. உட்கார வரல. கணக்கு முடிஞ்சுதுன்னு போன் வந்துது."

"ஆமாங்க." வாத்தியார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? யார் முடிச்சது? நீயா, உனக்கு மேல இருக்கிறவனா?"

"எங்களால எங்கய்யா முடிஞ்சுது? அவளேதான் முடிச்சா."

"அவளேவா?"

"அவளேதான். சாப்பிடக்கூட வரல. விடுதி அம்மா எவ்வளவோ திட்டிப் பார்த்தாங்க. காதுலயே போட்டுக்கல. முடிச்சுட்டுத்தான் எழுந்தா."

டயர்க்காரர் வேண்டாமென்ற நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டினி கிடந்திருக்கிறாள். தானே முடித்துக்கொண்டு கிளம்புகிற அளவுக்கு இங்கே என்ன நடந்ததோ. வாய் தானாகவே இறங்கிப் பேசியது.

"சின்னப் புள்ளங்க. ஏதோ கோவத்துல முடிச்சுக்கிறேன்னு சொல்லியிருப்பா. எங்க வீட்டுக்கே வாய் கொஞ்சம் நீளம், அது என் பக்கத்துலருந்து வந்தது. அதப் போய் நீங்க பெருசா எடுத்துக்கலாமா? இந்த ஒரு தடவ பார்த்து விட்டுடுங்க, சார்."

யாரையும் அவர் சார் போட்டுக் கூப்பிட்டதில்லை. கயிற்றை நாற்காலிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வாத்தியார் சிரிப்பை நிறுத்தினான். "எதை விடணும்?"

"அவள. இங்கேயே இருக்க விடுங்க."

"ஏன், அவ எங்க போறா?"

இருவரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு பெண் வந்தாள். மூக்கு நுனியில் சாக்பீஸ். முகம் பூராவும் சிரிப்பு.

"பெரியப்பா, நீங்களா வந்தீங்க? வாங்க, வந்து பாருங்க. கணக்கு முடிஞ்சுது."

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. மேலே இரண்டே வரியில் கேள்வி. அதன் கீழ் எறும்பு ஊர்ந்த மாதிரி கடைசி வரைக்கும் அவள் கையெழுத்து.

"இதான் பெரியப்பா அந்தக் கணக்கு. நான் இங்க சேர்றதுக்கு முன்னாலருந்தே இங்கேயே நிக்குது. யாருக்கும் வரல. எனக்கு வந்துடுச்சு."

"அப்ப உன்னைத் துரத்தல?"

"என்னை எதுக்குத் துரத்துறாங்க?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் பலகையை மேலும் கீழும் பார்த்தார். ஒரு எழுத்தும் தெரிந்த எழுத்தாக இல்லை. "நல்லாத்தான் போட்டிருக்க" என்றார்.

வாத்தியார் ஒரு டஸ்டரை நீட்டினான். "யார் முடிக்கிறாங்களோ அவங்க வீட்டு ஆள்தான் பலகையை அழிக்கணும்யா. அப்பத்தான் அடுத்த கணக்கு ஏறும். எங்க பள்ளிக்கூடத்து வழக்கம். போன்ல சொன்னாங்களே?"

டயர்க்காரர் டஸ்டரை வாங்கவில்லை. போன மரியாதையைப் பிடித்து நிறுத்த இதுதான் சமயம்.

"அழிச்சப்புறம், இவ போடவே இல்லன்னு நீங்க சொல்லிட்டா?"

"பெரியப்பா."

"நீ சும்மா இரு. உனக்குக் கணக்கு தெரியும், ஆளத் தெரியாது."

"போட்டோ எடுத்தாச்சுங்க" என்று வாத்தியார் போனைக் காட்டினான். டயர்க்காரர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளிவைத்துப் பார்த்தார்.

"கடைசி வரி பாதிதான் விழுந்திருக்கு. இன்னொண்ணு எடு. அவளையும் பக்கத்துல நிக்க வெச்சு எடு."

எடுத்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவருக்கு அது உறைக்கவில்லை. டஸ்டரை வாங்கி டயர் துடைக்கிற பழக்கத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். தூள் பறந்து அவர் மீசை வெள்ளைமேல் வெள்ளையானது.

"மேலருந்து கீழ இழுங்க, பெரியப்பா."

"எனக்குத் தொடைக்கச் சொல்லித் தராத."

பலகை சுத்தமானதும்தான் அவள் அவருடைய இன்னொரு கையைப் பார்த்தாள். "கயிறு எதுக்கு?"

"எப்பவும் வெச்சிருப்பேன்."

"பஸ்ஸுல வரும்போதுமா?" கொஞ்ச நேரம் கயிற்றையும் அவரையும் பார்த்தாள். கணக்குப் போடுகிற தலையாயிற்றே, போட்டுவிட்டாள். "துணி காயப்போட எனக்குக் கயிறு இல்ல. இங்க விட்டுட்டுப் போங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

வெறுங்கையோடு கேட்டுக்கு வந்து வீட்டுக்கு போன் போட்டார்.

"மெஷின இழுத்துட்டியா?"

"பாதி இழுத்துட்டேன் மாமா."

"பழையபடி தள்ளு."

"ஏன் மாமா? கணக்க முடிச்சுட்டாங்கன்னு சொன்னீங்களே."

"முடிச்சாங்கன்னு இல்ல. முடிச்சா. அவளே முடிச்சுட்டா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேவல். "அவளேவா? ஐயோ மாமா, சாப்பாடு கீப்பாடு சரியில்லையா, யாராவது ஏதாவது..."

டயர்க்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேட்டில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். காவல்காரன் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டான்.

"அழாதம்மா" என்றார் மூச்சு வாங்க. "நானும் இப்படித்தான் பாதியக் கேட்டுட்டு பயந்தேன். மெஷினத் தள்ளி வெச்சுட்டு உட்காரு. முதல்லருந்து சொல்றேன்."