துஃபாஹா கேட்ட கேள்வி

பாக்தாத் யூதர்களான எங்கள் எல்லார் வீட்டிலும், எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து முன்னோர் விடுதலையானதைக் கொண்டாடும் பஸ்கா விருந்தில் ஒரு விளையாட்டு உண்டு. புளிக்காத ரொட்டியைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வெளியே போய்க் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர்கள், "எங்கேருந்து வர்றே?" என்பார்கள். "எகிப்துலேர்ந்து." "எங்க போறே?" "ஜெருசலேமுக்கு!" கதவு திறக்கும். சின்ன வயதில் நான் அதைத் தொண்டை கிழியக் கத்துவேன். எதிர்வீட்டு முஸ்லிம் பையன் ஜாசிம் என் பக்கத்தில் நின்று என்னைவிடச் சத்தமாகக் கத்துவான். அவனுக்குப் பேரீச்சம்பாகும் அக்ரூட்டும் கொடுத்து அனுப்புவாள் அம்மா.

பிறகு அது என் மகன் நூரியின் வேலையாயிற்று. இருபத்தாறு வயதில், முகத்தில் அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, மூட்டையோடு கூனிக் கூனி நடந்து வந்து எங்களைச் சிரிக்க வைப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது பஸ்காவுக்கு அவன் இல்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் ஜோர்டானில் இருந்த எங்கள் நாட்டு ராணுவ முகாம்மீது இஸ்ரேல் விமானங்கள் குண்டு போட்டன. சில நாட்களில் பாக்தாத்தில் யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். நூரி மருந்துக்கடைச் சிப்பந்தி. விமானத்தைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. அவனையும் ஒற்றன் என்று இழுத்துப் போனார்கள். ஜனவரியில் சதுக்கத்தில் தூக்கில் தொங்கியவர்களைப் பார்க்க வரச்சொல்லி வானொலி அழைத்தது. ஊர் திரண்டு போனது, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு. தொங்கியவர்களில் நூரி இல்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். என்ன பிழைப்பு பாருங்கள்.

அந்தக் குண்டுவீச்சில்தான், முகாமில் சிப்பாயாக இருந்த ஜாசிமின் மகன் செத்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாற்பத்தொன்றில் ஊர் எங்கள்மேல் பாய்ந்தபோது இஸ்ரேல் என்று ஒரு நாடே கிடையாது. பெர்லின் வானொலி மாதக்கணக்கில் அரபியில் எங்களைத் திட்டியிருந்தது. அது போதுமாக இருந்தது. அந்த இரண்டு நாளும் ஜாசிமின் அப்பா இரும்புத்தடியோடு எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. பத்து வருஷம் கழித்து என் தம்பி ஹெஸ்கேலும் ஊரிலிருந்த யூதர்களில் பெரும்பாலோரும் இஸ்ரேலுக்கு விமானம் ஏறியபோது, அந்தத் தடியை நினைத்துத்தான் நான் போகவில்லை. நூரியைப் பிடித்துப் போன பிறகு அதே வாசலுக்கு எதிரே ஜாசிம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், என்ன பேசுகிறோம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கிறான் என்பது சந்துக்கே தெரியும்.

பஸ்கா மாலையில் நானும் என் மனைவி துஃபாஹாவும் மட்டும்.

"இந்த வருஷம் தட்ட வேணாம். ரெண்டு கெழங்களுக்கு என்ன விளையாட்டு?" என்றேன்.

"விளையாட்டா? எங்கம்மா ஒரே ஒரு வருஷம் தட்டாம விட்டாங்க. அந்த வருஷந்தான் எங்கப்பா போனாரு. புள்ள வீடு திரும்பணுமா வேணாமா, அபு நூரி?" நூரியின் அப்பா என்று பொருள்படும் அந்தப் பெயரில்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

"தெருவுல நின்னு ஜெருசலேம்னு சொன்னா, இஸ்ரேல் ஆளுன்னு அவன் கழுத்துக்குத்தான் கயிறு வரும்."

"மெதுவாச் சொல்லுங்க. எனக்குக் கேட்டாப் போதும்."

துஃபாஹாவுக்குக் காது மந்தம். அவளுக்குக் கேட்டால் சந்து முழுக்கக் கேட்கும். ஆனாலும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். நூரிக்காகப் போகாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

"என்ன மூட்டை?" என்றான் ஜாசிம்.

"ரொட்டி. உனக்குத் தெரியாததா?"

கதவைத் தட்டினேன். "எங்கேருந்து வர்றே?" என்றாள் உள்ளேயிருந்து.

"எகிப்துலேர்ந்து."

"எங்க போறே?"

ஜாசிம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லேன், மெனாஷி. அப்பல்லாம் தொண்டை கிழியக் கத்துவியே."

"நீயுந்தான் கத்தின."

"நான் அக்ரூட்டுக்குக் கத்தினேன். என் புள்ளையப் பெட்டியில வச்சு ஆணியடிச்சுக் குடுத்தாங்கடா. மூஞ்சியக்கூடக் காட்டல. உன் ஆளுங்க போட்ட குண்டு."

"என் ஆளு யாருடா? இந்தச் சந்த விட்டு நான் எங்க போனேன்?"

"அதத்தானே உன் பொண்டாட்டியும் கேக்கறா. எங்க போறேன்னு."

"எங்க போறே?" துஃபாஹா உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள்.

"வீட்டுக்கு!" என்று கத்தினேன்.

துஃபாஹா கதவை மறுபடி தட்டினாள். "அது பதில் இல்ல. எங்க போறே?"

"வீட்டுக்கு, துஃபாஹா. தெற."

வெகுநேரம் கழித்துத் திறந்தாள். மூட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. ஜாசிம் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்று அவன் எதையாவது எழுதினானா என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்டில் சிறையிலிருந்து நூரியின் மூக்குக்கண்ணாடியும் செருப்பும் வந்தன. உடல் வரவில்லை. துஃபாஹா என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தைதானே, அபு நூரி," என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அடுத்த குளிர்காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். நான் அன்று கயிற்றுக்குப் பயந்தது மகனுக்காகத்தானா, எனக்காகவுமா என்று யோசித்து யோசித்துப் புண்ணாகிக் கிடந்தேன்.

எழுபத்தொன்றில் வடக்கே மலை வழியாக, கோவேறு கழுதை முதுகில் எல்லை தாண்டித் தப்பி, இங்கே இஸ்ரேலில் ராமத் கானில் ஹெஸ்கேலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாவது மாடி. பேருந்தில் என்னையறியாமல் அரபியில் முணுமுணுத்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் பார்க்கிறார். வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நூரியைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தம்பி கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு எட்டு வயது.

இந்த வருஷ பஸ்காவுக்குத் தம்பியின் பேத்தி ஓர்லி மூட்டையை என் தோளில் போட்டுவிட்டாள். "பெரிய தாத்தா, நீங்க போங்க." மாடிப்படியில் போய் நின்று கதவைத் தட்டினேன்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"பாக்தாத்துலேர்ந்து."

உள்ளே ஒரே சிரிப்பு. "தப்பு தாத்தா! எகிப்து! சரி, எங்க போறீங்க?"

"ஜெருசலேமுக்கு!" என்று கத்தினேன். படிக்கட்டு அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, சிரித்து, பண்டிகை வாழ்த்துச் சொன்னார். அது போதவில்லை. துஃபாஹாவுக்குக் காது மந்தம். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு இன்னொரு முறை கத்தினேன். இன்னொரு முறை.

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது. ஓர்லி கதவைத் திறந்து, கத்திக்கொண்டேயிருந்த என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"தெறந்தாச்சே தாத்தா. இன்னும் ஏன் கத்தறீங்க?"