மூச்சு வாங்கும் இடம்

அக்காவும் தங்கையும் இருபது வருடமாகச் சேர்ந்தே மந்திரம் சொல்பவர்கள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் சுருதியை விடாமல் பிடித்துக்கொள்வாள். கேட்பவர்களுக்கு அது ஒரே குரல். தொண்டைப் புற்றுக்கு அறுவை செய்ததில் அக்காவின் குரல் அடியோடு போய்விட்டது.

வீடு திரும்பிய அன்று மாலை, "உன் வாயால கேக்கணும்னு எழுதிக் காட்டுறா. சொல்லும்மா," என்றார் அத்தான்.

தங்கை கண்ணை மூடி ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில், பழக்கதோஷத்தில் மூச்சு வாங்க நிறுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தாள். அக்காவின் வாய் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மூச்சு விட அறுவையில் போட்ட கழுத்துத் துளை வழியே வெறும் காற்று வந்தது.

"வேணாம்க்கா," என்று கையைப் பிடித்தாள்.

அக்கா கையை உதறி, மேலே சொல் என்று தலையசைத்தாள். தங்கை மூன்றாவது வரியோடு எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அக்காவின் காதுபட அதைச் சொன்னதே இல்லை.